பொட்டு வைத்த பெட்டி

என் பெரியம்மாவுக்கு ஒரு கொள்கை உண்டு. பெண் குழந்தை இருக்கிற வீட்டில் வீடியோ கேம் பத்திரமாக இருக்கும் என்பது அந்தக் கொள்கை. எதை வைத்து இந்த முடிவுக்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கொள்கைகளுக்கு ஆதாரம் கேட்கும் வழக்கம் கிடையாது. சொன்னது யார் என்று மட்டும் பார்ப்போம். பெரியம்மா அம்மாவை விட ஆறு வயது மூத்தவள். அது போதும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நான் மயிலாப்பூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். பெரியம்மாவின் பையன் தி. நகரில் பத்தாம் வகுப்பு. பொதுத் தேர்வு வருஷம் என்பதால் அவர்கள் வீட்டில் கேபிள் டிவி துண்டிக்கப்பட்டது, கேரம் போர்டு பரண் ஏறியது, கடைசியில் அவனுடைய வீடியோ கேம் நாடு கடத்தப்பட்டது. ஒரு சனிக்கிழமை பெரியம்மா அதை ஜவுளிக்கடைப் பையில் போட்டு, மேலே முருங்கைக்காய்களைச் செருகி மறைத்து, ஆட்டோவில் கொண்டுவந்து எங்கள் ஹாலில் இறக்கினாள்.

"விஜயதசமி வரைக்கும் ஒங்காத்துல இருக்கட்டும்டி. காலாண்டுப் பரீட்சையில நன்னா பண்ணினா அன்னிக்குத் திருப்பித் தரேன்னு சொல்லியிருக்கேன். எங்காத்துல எங்க ஒளிச்சாலும் மோப்பம் பிடிச்சுடறான்."

"இங்க யாரு தொடப் போறா? இவளுக்கு இதெல்லாம் தெரியாது," என்றாள் அம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் முருங்கைக்காய்களை எண்ணிக்கொண்டிருந்தேன். எட்டு.

பைக்குள் இருந்தவை: வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதன் அடாப்டர், இரண்டு ஜாய்ஸ்டிக், இரண்டு கேசட். ஒரு கேசட்டில் நூறு விளையாட்டுகள் என்று அச்சடித்திருந்தது. போட்டுப் பார்த்தால் நாலே விளையாட்டுதான் பெயர் மாற்றி மாற்றி வந்தது. இன்னொன்று கறுப்பு. மேலே வாளோடு ஒரு குள்ளன், பின்னால் ஒரு கோபுரம், சுற்றிலும் ஜப்பானிய எழுத்து. பையனிடம் போனில் விசாரித்தேன்.

"அது டப்பா கேசட்டுடி. ஆஃப் பண்ணினா எல்லாம் போயிடும், மறுபடி முதல்லேர்ந்து. அதோட மூணாவது மாளிகைக்கு வழியே கிடையாது. நீ ஏன் கேக்கற?"

"சும்மாதான். தூசி தட்டிண்டிருந்தேன்."

அந்தக் குள்ளன் கதை எளிது. வீட்டை விட்டுக் கிளம்புகிறான். கையில் ஒரு கட்டை வாள். காடு, குகை, ஏரி என்று அலைந்து ஏழு மாளிகைகளில் ஏழு கற்களை எடுத்தால் கடைசியில் கோபுரம் திறக்கும். அதன் உச்சியில் ஒரு பெண்ணை அடைத்து வைத்திருக்கிறார்கள். முதல் படத்திலேயே அவள் ஜன்னலில் தெரிவாள். யார் அடைத்தது, ஏன் அடைத்தது என்பதெல்லாம் ஜப்பானிய மொழியில் விளக்கமாக எழுதியிருந்தது.

நான் இப்போது அடையாறில் ஓர் அலுவலகத்தில் புரோகிராம் எழுதுகிறேன். அதனால் எனக்கு இன்று தெரியும்: அந்த மாதிரி கேசட்டுக்குள் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், நாம் எதுவரை வந்தோம் என்பதை அதுதான் நினைவில் வைத்திருக்கும். அந்தக் கேசட்டில் பேட்டரி செத்துப் போயிருந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது இதன் விளைவு மட்டும்தான். பெட்டியை அணைக்காமல் வைத்திருந்தால் குள்ளன் நின்ற இடத்திலேயே நிற்பான். அணைத்தால் வீட்டு வாசலில் கட்டை வாளோடு நிற்பான்.

ஆகவே நவராத்திரி முதல் நாள் பெட்டியைப் போடுவது, பத்தாம் நாள் பெரியம்மா வருவதற்குள் கோபுரத்தின் உச்சியைப் பார்ப்பது, அதுவரை ஒரு கணமும் அணைக்காமல் இருப்பது என்று முடிவு செய்தேன். அந்தப் பெண் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நவராத்திரியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. காலாண்டு விடுமுறை ஒன்று. இன்னொன்று கொலு. எங்கள் ஹாலில் ஏழு படி வைத்தால் மனிதர்கள் உட்காரவே இடம் இருக்காது. அதனால் வருஷா வருஷம் அப்பா டிவியையும் ஃப்ரிட்ஜையும் உள் அறைக்குத் தள்ளிவிடுவார். அம்மா பால் எடுக்க எட்டிப் பார்ப்பதைத் தவிர, பத்து நாளுக்கு அந்த அறைப் பக்கம் யாரும் வரமாட்டார்கள். ஊரிலுள்ள அத்தனை மாமிகளும் எங்கள் வீட்டுக்கு வரும் நாட்களில்தான் எனக்கு ஒரு தனி அறை கிடைத்தது.

நோட்டில் ஆபத்துகளைப் பட்டியல் போட்டேன்.

ஒன்று, மின்வெட்டு. நவராத்திரியில் எங்கள் தெருவில் கரண்ட் போகாது என்று ஒரு நம்பிக்கை. அதை நான் நம்பியாக வேண்டியிருந்தது. இரண்டு, அப்பா. அவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் எலெக்ட்ரிகல் இன்ஜினியர். எரிகிற சுவிட்சைக் கண்டால் அணைப்பார். அணைந்திருக்கிற சுவிட்சையும் ஒருமுறை போட்டு அணைப்பார். வீட்டில் அவர் கை வைக்காத ஒரே சுவிட்ச் ஃப்ரிட்ஜுடையது. எனவே அதே போர்டில் ஒரு மல்டி ப்ளக் வைத்துப் பெட்டியை அதில் சொருகினேன். மூன்று, பெட்டியின் நெற்றியில் எரியும் சிவப்பு விளக்கு. இருட்டு அறையில் அது பூனைக் கண் மாதிரி தெரிந்தது. எங்கள் பீரோக் கண்ணாடியில் அம்மா கழற்றி ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகள் ஒரு வருஷத்துக்கு ஆகிற மாதிரி இருக்கும். நடுத்தர அளவில், மெரூன் நிறத்தில் ஒன்றை உரித்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். கச்சிதமாகப் பொருந்தியது. மூன்றுக்கும் நேராக டிக் போட்டேன். எனக்கு அப்போதே என் வேலையில் ரொம்பப் பெருமை.

நாலாவது ஆபத்தை நான் எழுதவில்லை. அது தானே வந்தது. வீட்டு வேலை செய்யும் அக்கா இரண்டாம் நாள் பெருக்க வந்தபோது பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டார்.

"இன்னா பாப்பா, அடுப்பு மாரி சூடா கீது? உள்ள இன்னா கீது?"

"ஒண்ணுமில்லக்கா. அணைக்காம விடணும்."

"அம்மாக்குத் தெரிமா?"

"தெரியாது."

"அப்போ எனுக்கும் தெரியாது. நான் சுத்திப் பெருக்கிக்கினு போறேன், நீ ஆடு." ஆனால் போகவில்லை. துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார். அதன்பிறகு தினமும் அவருடைய முதல் கேள்வி இதுதான்: "அந்தக் குள்ளன் இன்னும் சாவலியா?"

மூன்றாவது மாளிகைக்கு வழியில்லை என்று அவன் சொன்னது பொய்யில்லை, பொறுமையின்மை. காட்டில் ஒரு குடிசை. உள்ளே ஒரு மாமி. முதல் தடவை போனால் ஏதோ பேசுவாள், ஒன்றும் தரமாட்டாள். இரண்டாம் தடவையும் அதே. மூன்றாம் தடவை போனால் சாவி தருவாள். பையன் ஒரு தடவை போய், பார்த்து, கோபித்துக்கொண்டு திரும்பிவிட்டான். நவராத்திரிக்கு வீடு வீடாகப் போய்ப் பழகியவர்கள் இந்தத் தவறைச் செய்யமாட்டார்கள். ஏனென்றால் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் நான் செய்ததும் அதுதான். பட்டுப் பாவாடை கட்டிக்கொண்டு, குங்குமச் சிமிழோடு, மாட வீதிகளைச் சுற்றி வீடுகளில் ஏறி இறங்கி, "எங்காத்துக்கு அவசியம் வரணும்" என்று சொல்லி, உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, பாடச் சொன்னால் பாடி, சுண்டல் பொட்டலத்தோடு வெளியேறுவது. ஜாய்ஸ்டிக் ஒன்றுதான் கையில் இல்லை.

ஒரே நோட்டில் இரண்டையும் எழுதினேன். அதில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

ஐந்தாம் மாளிகை: மேலே மூன்று, இடது இரண்டு. கத்தரிக்காய்கள் ஜாக்கிரதை. (ஊதா நிறத்தில் குதித்து வரும் ஒரு ஜாதி.)
வடக்கு மாட வீதி, மாடி வீடு: கொண்டைக்கடலை. இரண்டு பாட்டு கேட்பார்கள். ஒன்றோடு எழுந்துவிடலாம்.
ஆறாம் மாளிகை: வில் இல்லாமல் போகாதே.
குளத்தங்கரை வீடு: நாய்.

அம்மா ஒருநாள் நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "யாராத்துல என்னன்னு எவ்வளவு பொறுப்பா எழுதி வெச்சிருக்கா பாருங்கோ," என்று அப்பாவிடம் காட்டினாள். அப்பா, "குளத்தங்கரைல நாய் வாங்கிட்டாளா?" என்று மட்டும் கேட்டார்.

எட்டாம் நாள் சாயங்காலத்துக்குள் ஏழு கற்களும் கையில் இருந்தன. கோபுரத்தின் கதவு திறந்தது. உள்ளே போகாமல் வாசலிலேயே குள்ளனை நிறுத்தி, டிவியை மட்டும் அணைத்துவிட்டு, சுண்டல் விநியோகத்துக்குப் போனேன். மறுநாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிட்டுப் படுத்த பிறகு நிதானமாக ஏறலாம் என்பது திட்டம்.

மறுநாள் சரஸ்வதி பூஜை.

காலையில் அம்மா என்னைப் பொரியும் பூவும் வாழை இலையும் வாங்கிவர அனுப்பினாள். கூட்டத்தில் ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. திரும்பி வந்தபோது கொலுவுக்கு முன்னால் பலகை போட்டுப் பூஜைக்கு எல்லாம் அடுக்கியாகியிருந்தது. அம்மாவின் வீணை. என் பாடப் புத்தகங்கள். என் நோட்டு. அப்பாவின் ஸ்க்ரூடிரைவர், டெஸ்டர், கால்குலேட்டர். கால்குலேட்டருக்கும் வீணைக்கும் நடுவில், சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, ஒயரை வளையமாகச் சுருட்டி அதன் மேல் ஒரு முழம் மல்லிகை சுற்றி, வெள்ளையும் சிவப்புமாக அது.

என்னைப் பார்த்ததும் அம்மாவுக்குக் குரல் தழுதழுத்தது.

"நான் மறந்தே போயிட்டேண்டி. உள்ள போய்ப் பாத்தா நீயே பொட்டு வெச்சு ரெடியா வெச்சிருக்க. அடுத்தவா சாமானாச்சே, நமக்கென்னன்னு இல்லாம... எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுத்து."

"பூஜைக்கு வெக்கற சாமான் ஆன்ல இருக்கலாமோ?" என்றார் அப்பா. "நான்தான் ஆஃப் பண்ணி எடுத்தேன். யாரோ ஃப்ரிட்ஜ் போர்டுல சொருகி வெச்சிருக்கா. நல்லவேளை பாத்தேன்."

அன்று நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்லிவிடலாம். பொரியைத் தட்டில் கொட்டினேன். வாழை இலை கிழியாமல் வந்ததைக் காட்டினேன். விழுந்து நமஸ்காரம் செய்தேன். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பக்கெட் நிரம்பும்வரை நின்றேன். பூஜையில் வைத்ததை அன்று முழுக்கத் தொடக்கூடாது. தொட்டாலும் பிரயோஜனமில்லை. வேலைக்கார அக்கா மட்டும் சாயங்காலம் ஹாலை எட்டிப் பார்த்து, மல்லிகைப் பூவைப் பார்த்து, என்னைப் பார்த்து, "செத்துட்டானா?" என்று மெதுவாகக் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்தேன்.

ஆனால் எங்கள் வீட்டில் இன்னொரு விதியும் உண்டு. விஜயதசமி காலையில் புனர்பூஜை முடிந்ததும், வைத்தது ஒவ்வொன்றையும் எடுத்துக் கொஞ்சமாவது உபயோகிக்க வேண்டும். அப்பா ஒரு ஸ்விட்ச் போர்டின் ஆணியைக் கழற்றி மறுபடி மாட்டினார். அம்மா வீணையில் ஒரு கீர்த்தனை வாசித்தாள். நான் இயற்பியலில் ஒரு பக்கம் படித்தேன். படித்து மூடிவிட்டு, "அம்மா, அது பாக்கி இருக்கே," என்றேன்.

அதற்குள் பெரியம்மாவும் பையனும் வந்து இறங்கிவிட்டார்கள். காலாண்டில் நன்றாகவே பண்ணியிருந்தான் போலிருக்கிறது, முகத்தில் தெரிந்தது.

"அவன் ஆடட்டும், அவனோடதுதானே," என்றாள் பெரியம்மா.

"வெச்சவாதான் எடுக்கணும். அதான் முறை," என்றாள் அம்மா. "ஒரு பத்து நிமிஷம் போறும். என்னமோ பண்ணு, தப்பா இருந்தாலும் பரவாயில்லை."

உள் அறைக்கு எடுத்துப்போய் மாட்டியதும் டிவியில் படம் கோடு கோடாக வந்தது. சந்தனம் உள்ளே இறங்கியிருந்தது. கேசட்டைப் பிடுங்கி, பழக்கத்தில் வாயருகே கொண்டுபோய் ஒரு ஊது ஊதினேன்.

"அடிப்பாவி! பூஜை பண்ணினதை எச்சில் பண்றயே!"

அப்பா வேட்டி நுனியால் துடைத்துக் கொடுத்தார். குள்ளன் வீட்டு வாசலில் கட்டை வாளோடு நின்றான். நான் பத்து நிமிஷம் எடுத்துக்கொள்ளவில்லை. இருபத்தைந்து நிமிஷம் எடுத்துக்கொண்டேன். காட்டுக்குள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனேன்; மாமி குடிசையில் மூன்று தரம் ஏறி இறங்கினேன்; சாவியை வாங்கி மூன்றாவது மாளிகையின் கதவைத் திறந்தேன். 

"பாத்தியாடா!" என்றாள் பெரியம்மா பையனிடம். "விஜயதசமி அன்னிக்கு ஆரம்பிச்சா எப்படி வரது பார்! இன்னிக்குத்தான் முதல் தடவையா தொடறா!"

கொள்கைக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அன்றைக்குத்தான் அதன் உறுதி எனக்குப் புரிந்தது.

பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு அசையாமல் கேட்டான்: "முதல் தடவையாடி இது?"

"பெரியம்மா சொல்றாளே."

"பொய். கோபுரம் வரைக்கும் போயிட்டயா?"

"வாசல் வரைக்கும்."

"மேல என்ன இருக்கு?"

"ஒங்க சித்தப்பா ஆஃப் பண்ணிட்டார்."

அம்மா இலை போட்டுவிட்டதாகக் கூப்பிட்டாள். சாப்பிட்டு எழுந்ததும் ராகு காலத்துக்கு முன் கிளம்ப வேண்டும் என்று பெரியம்மா பெட்டியைப் பையில் போட்டாள். தேடிக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு எட்டு நாள். வழி தெரிந்தால் ஆறு மணி நேரத்தில் முடியும். அந்த ஆறு மணி நேரம் ஜவுளிக்கடைப் பையில் ஆட்டோ ஏறியது. ஏறும் முன் நோட்டை அவன் கையில் கொடுத்தேன். நிபந்தனை ஒன்றுதான்: கோபுரத்தின் வாசலுக்கு வந்தால் எனக்குப் போன் பண்ண வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முழு நாளும் அனுமதி கிடைத்தது. காலை பத்து மணிக்கு முதல் போன்.

"வடக்கு மாட வீதில கொண்டைக்கடலைன்னு போட்டிருக்கே, அது எந்த மாளிகைடி?"

"அது நிஜ வடக்கு மாட வீதிடா. அதுக்கு அடுத்த வரியைப் படி."

"வில், சரி. அதுக்கு அடுத்ததுல நாய்னு இருக்கு. நாய் எப்ப வரும்?"

"உனக்கு வராது. எனக்குத்தான்."

மத்தியானம் மூன்று போன். எங்கள் போன் ஹாலில், அம்மா பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் பாய்க்கு நாலடி தள்ளி இருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கு நாலு பெண்கள் சரளி வரிசை பாடிக்கொண்டிருந்தபோது மறுபடி அடித்தது. அவன் கோபுரத்துக்குள் இருந்தான்.

"மேல மூணு," என்றேன். "வலது ஒண்ணு. இல்லை, அங்க நான் போனதில்லை. நில்லு. வலப்பக்கம் சுவர் வேற நிறமா இருக்கா? அப்ப அதைத் தள்ளு."

அம்மா கையால் தாளம் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்து, தாளம் விடாமல், "கணக்கு சொல்லித் தரயா?" என்றாள். ஆமாம் என்றேன். கிராஃப் கணக்கு மாதிரிதான் இருந்தது. பத்தாம் வகுப்புப் பையனுக்கு ஒன்பதாம் வகுப்பு நான் எப்படிச் சொல்லித் தர முடியும் என்று அம்மா யோசிக்கவில்லை. நோட்டில் இல்லாத இடம் என்பதால் நானும் கண்ணை மூடிக்கொண்டுதான் ஏறினேன். அவன் பார்த்ததைச் சொன்னான், நான் செய்யவேண்டியதைச் சொன்னேன். இரண்டு முறை செத்தான். மூன்றாம் முறை பெரிதாக ஏதோ வெடித்தது எனக்கே கேட்டது.

"அந்தப் பொண்ணு வந்தாளா?" என்றேன் சற்று உரக்க.

சரளி வரிசை நின்றது.

"எந்தப் பொண்ணு?" என்றாள் அம்மா.

"கோபுரத்துல அடைச்சு வெச்சிருக்காளேம்மா, அவ."

அம்மா கொஞ்சம் யோசித்து, "தமிழ்ப் பாடமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

"வந்துட்டாடி," என்றான் அவன். "சின்னதா இருக்கா. கை ஆட்டறா. எழுத்தா வரது, ஒண்ணும் புரியலை. பாட்டு ஒண்ணு வரது."

"ரிசீவரை டிவிகிட்டப் பிடி."

பிடித்தான். மெல்லிய, பீப்பி ஊதுகிற மாதிரி ஒரு பாட்டு, தி. நகரிலிருந்து ஒயர் வழியாக வந்தது. எட்டு நாளில் நான் கேட்காத பாட்டு. ஒரு அடிதான் கேட்டிருப்பேன். அம்மா பாயிலிருந்து எழுந்து வந்து, "என்னடி அது, பாட்டு மாதிரி கேக்கறது?" என்று என் கையிலிருந்து ரிசீவரை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள். விரல் தொடையில் அசைந்தது.

"மோகனம்," என்றாள் அந்த நாலு பெண்களைப் பார்த்து. பிறகு, "இல்லை, இரு. ஹம்ஸத்வனியோ?" என்றாள். மறுபடி கேட்டாள். "மோகனம்தான். நிஷாதமே இல்லை. ஸ்ருதிதான் கொஞ்சம் சேரலை."

தீர்மானித்த பிறகு ரிசீவரைத் திருப்பிக் கொடுத்தாள். நான் காதில் வைத்தபோது பாட்டு முடிந்து, வெறும் இரைச்சல் கேட்டது. சரளி வரிசை மறுபடி தொடங்கியது.

"கேட்டயாடி?" என்றான் அவன். "முடிஞ்சு போச்சு. படம் அப்படியே நிக்கறது. ஆஃப் பண்ணட்டுமா?"

"பண்ணு," என்றேன்.